மேனேஜர் வீட்டு வெப்பம்

பாம்பு ஏற்றி வந்த வேனுக்கு லைனில் யாரும் வழிவிடவில்லை.

ஃபேக்டரி லைன் என்பது குன்னூருக்கு மேலே, மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டி எதிரெதிராக நிற்கும் இரண்டு வரிசை வீடுகள். வரிசை முடியும் மேட்டில் தனியாக ஓர் ஓட்டு வீடு உண்டு. அதுதான் மேனேஜர் வீடு. மேட்டுக்குப் போகிற வண்டி லைனுக்கு நடுவே போயாக வேண்டும். வேன் வரும் சத்தம் கேட்டதும் பெண்கள் தண்ணீர்க் குடங்களைக் கொண்டுவந்து பாதை நெடுக வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்துபோனார்.

சாருமதி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் வைத்தாள். கடைசிக் குடத்தின் பக்கத்தில் ரித்திகா நின்றிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள்.

"அதுல கை வெச்சீங்கன்னா நல்லா இருக்காதுங்க்கா."

"பாதையில வெச்சா எடுத்துத்தான் ஆகணும்."

"எங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கரண்டு. உங்க ஊட்டுப் பாம்புக்கு ராப்பகலா கரண்டு. இது எந்த ஊரு நாயம்?"

"சட்டம் போட்டவங்களப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுச் சாருமதி குடத்தைத் தூக்கினாள். அது பாதி நிறைந்த குடம். வேண்டுமென்றே சாய்க்கவில்லை என்றாலும் ரித்திகாவின் காலில் தண்ணீர் கொட்டியது. வேன் மேலே ஏறியது.

மேட்டு வீட்டில் நந்தகுமார் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். சாருமதியின் கணவனுக்கு அண்ணன். தொழிற்சாலையின் கடைசி மேனேஜர். ஒரே நாளில் லைனில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டியவர் அவர்தான். "நான் பூட்டலைன்னா இன்னொருத்தன் வந்து பூட்டியிருப்பான்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாவி அவர் கையில் இருந்ததைத்தான் லைன் பார்த்தது.

மண்சரிவில் கணவன் போனபிறகு சாருமதிக்குப் போக்கிடம் இல்லை. வீடு நந்தகுமார் பேரில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் பல்லடத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தவள் அவள். முட்டைகளுக்குச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது வேலை. நந்தகுமார் அதை ஒருநாளும் மறந்ததில்லை. யாராவது வந்தால், "தம்பி சம்சாரம். கோழிக்காரி" என்றுதான் அறிமுகப்படுத்துவார்.

அவருடைய இதயம் பழைய பலூன்போலத் தளர்ந்துவிட்டிருந்தது. அதற்கு மருந்துதான் அந்தப் பாம்பு.

வேனோடு வந்திருந்த கால்நடை மருத்துவர் பெர்னார்ட், பெட்டியை இறக்குவதற்கு முன் சாருமதியை உட்காரவைத்து விளக்கினார்.

"மலைப்பாம்பு ஒரு முயலை முழுங்கினா, ரெண்டு மூணு நாள்ல அதோட இதயம் பெருசாயிடும்மா. நல்ல சதை, கொழுப்பு இல்லை. செரிச்சு முடிஞ்சதும் பழையபடி சுருங்கிடும். அப்படிப் பெருக்கவைக்கிற சரக்கு அதோட ரத்தத்துல ஓடுது. அதை எடுத்து மனுஷனுக்குப் போட்டா மனுஷ இதயமும் தேறும். ஆனா சும்மா போட முடியாது, உடம்பு ஏத்துக்காது. அதனாலதான் முட்டையிலயே இவரோட செல்லைக் கலந்து வளர்த்திருக்கோம். இது இவருக்கு மட்டும்தான் ஆகும். வேற யாருக்கும் ஆகாது."

"முன்னாடி பண்ணையில வெச்சுத்தானே குடுத்தீங்க?"

"ஒரு பாம்புக்கு வந்த சீக்கு எல்லாத்துக்கும் பரவிடுச்சு. பாம்பு செத்ததும் அதை நம்பியிருந்த ஆளுங்களும் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அவங்கவங்க பாம்பு அவங்கவங்க வீட்டுலன்னு சட்டம் வந்தது. பாம்பு இருக்கற வீட்டுக்குக் கரண்டு நிக்கக் கூடாதுன்னும் வந்தது." அவர் ஜன்னல் வழியே கீழே லைனைப் பார்த்தார். "அதுல ஊர்ப்பகை சேர்ந்து வருதுன்னு சட்டம் போட்டவங்க யோசிக்கலை."

கூண்டைச் சாருமதி முன்பே அடித்து வைத்திருந்தாள். பழைய ஆபீஸ் அறையில் சுவரோடு சுவராக, ஓர் ஆள் படுத்து உருளுகிற அகலத்தில், மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. இரட்டைப் பலகை, நடுவில் குளிர் தாங்க நுரைத் தகடு. உள்ளே ஈரம் இறங்காமல் இருக்கப் பூச்சு. முன்பக்கம் ஒதுக்கித் திறக்கும் கண்ணாடி, அதற்குப் பூட்டு. இடது பாதியின் மேற்கூரையில் மட்டும் வெப்பத் தகடு பதித்திருந்தாள். வலது பாதியில் எதுவும் இல்லை. அங்கே பாம்பு முழுசாக இறங்கிக் கிடக்கும்படி ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள மறைப்பு. சுத்தம் செய்யும்போது பாம்பை ஒருபக்கம் ஒதுக்க நடுவில் ஏற்றி இறக்கும் பலகை.

நந்தகுமாருக்கு அதில் எதுவும் பிடிக்கவில்லை.

"இத்தனை கூத்து எதுக்கு? உள்ள ரெண்டு குண்டு பல்பைத் தொங்கவிட்டா முடிஞ்சுது. குளிர்ச்சிக்கு ஒரு பக்கமாம்! குன்னூர்ல எல்லாப் பக்கமும் குளிர்ச்சிதான்."

"பல்பைத் தொங்கவிட்டா அதுல போய்ச் சுத்திக்கும் மாமா. பாம்புக்குச் சூடு உறைக்காது. தோல் வெந்த பொறவுதான் தெரியும்."

"கோழிக்குச் சொன்னதையே இதுக்கும் சொல்றே."

"கோழிக்கு ஒரே சூடு போதும். இதுக்குச் சூடும் வேணும், சூட்டை விட்டுப் போக எடமும் வேணும்."

பெர்னார்ட் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். சூடு அளக்கும் கம்பி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் இன்னொன்று தானாக நிறுத்துமா என்று கேட்டுக்கொண்டார். "சூடான பக்கம் முப்பத்திரண்டு. இரை எடுத்த வாரத்துல அது குறையவே கூடாது. குறைஞ்சா வயித்துல இருக்கறது செரிக்காது, அழுகும். கக்கிடும். கக்கினா அந்தத் தடவை மருந்து இல்லை" என்றார். பிறகு நந்தகுமார் பக்கம் திரும்பி, "ஒரு தடவை மருந்து தவறினாலும் உங்க இதயம் தாங்காது சார்" என்றார்.

"இவகிட்டச் சொல்லுங்க. என் உயிரு இவ கையிலதானே இருக்குது" என்றார் நந்தகுமார். அதைச் சொன்னபோது அவர் முகம் கசந்து சுருங்கியது.

பெட்டியைத் திறந்து சாய்த்ததும் பாம்பு தொடை கனத்துக்கு வழிந்து இறங்கியது. சற்று நேரம் மூக்கை உயர்த்தி எதையோ தேடியது. பிறகு சொல்லிக்கொடுத்ததுபோல் இடது பக்கம் போய்த் தகட்டின் கீழே சுருண்டது.

ஒவ்வொரு இரைக்குப் பிறகும் சாருமதிதான் அதன் வாலில் ஊசி இறக்கி ரத்தம் எடுத்தாள். சின்ன இயந்திரத்தில் சுற்றவிட்டுத் தெளிவைப் பிரித்து நந்தகுமாரின் கையில் ஏற்றினாள். இரண்டாவது தடவையிலேயே அவர் கைத்தடி இல்லாமல் கேட்டுவரை நடந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தினமும் சாயங்காலம், லைனில் கரண்டு போகிற நேரம் பார்த்துக் கேட்டில் போய் நின்றார். பின்னால் அவர் வீடு வெளிச்சமாக இருக்கும். கீழே ஒவ்வொரு வீடாக இருட்டில் மூழ்கும். நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

ஓட்டின் மேல் கல் விழுந்தது. கேட்டில் செத்த எலியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடையில் சாருமதி கேட்டால் எந்தச் சாமானும் இல்லை. முயல் தருவதாகச் சொன்னவன் வருவதை நிறுத்தினான். அவளே பின்கட்டில் முயல் வளர்த்தாள். ஒருநாள் முயல் கூண்டை உடைத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். மழையில் புதர்புதராகத் தேடி, சேறும் அட்டையுமாக அவள் திரும்பி வந்தபோது நந்தகுமார், "எத்தனை போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு அவளுக்குத் தாங்கவில்லை.

"எதுக்கு மாமா உங்களுக்கு இந்த உசுரு? கேட்டுல போய் நின்னு அவங்களக் கடுப்பேத்தறதுக்கா?"

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வெகுநேரம் சால்வையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சாகறதுக்குப் பயமா இருக்குது அம்மிணி" என்றார். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை."

மறுநாள், அப்படிச் சொல்லிவிட்டதற்கும் சேர்த்துக் காபியில் சர்க்கரை இல்லை என்று டம்ளரை வீசினார்.

கார்த்திகையில் மழை விடவே இல்லை. ரித்திகாவுக்கு நாள் ஆவதற்கு முன்பே வலி கண்டு, கீழே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடுகிற குழந்தை. கொஞ்ச நாள் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு, இடம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை குளிரக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நாலு மணி நேரக் கரண்டை வைத்துக்கொண்டு எப்படிக் குளிராமல் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை.

ரித்திகாவின் புருஷன் தர்ஷன் வழி கண்டுபிடித்தான். மேனேஜர் வீட்டுக்குப் போகும் கம்பி அவர்கள் ஓட்டுக்கு மேலேதான் போனது. ஒரு பகல் வேளையில், மழைச் சத்தத்தில், ஏணி போட்டு ஏறி அதைச் சுரண்டி ஒரு கொக்கியை மாட்டினான். ஈரக் கம்பி. பெரிய சத்தத்தோடு நீல வெளிச்சம் அடித்தது. டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. லைனும் போனது, மேட்டு வீடும் போனது. தர்ஷனுக்கு உள்ளங்கை வெந்ததோடு தப்பினான்.

கீழே சாலையில் மண் சரிந்து கிடந்தது. மின்வாரிய லைன்மேன் மறுநாளைக்கு முன்னால் வர வழியில்லை என்று தகவல் வந்தது.

மேட்டு வீட்டில் பாம்புக்கென்று பேட்டரி இருந்தது. வெப்பத் தகடு ஒன்றை மட்டும் மறுநாள்வரை தாங்கும். சாருமதி மற்ற எல்லா இணைப்பையும் பிடுங்கினாள். பாம்பு அதற்கு முந்தின நாள்தான் முயலை விழுங்கியிருந்தது. நடு உடம்பு புடைத்துக் கிடந்தது. அறைக்குள் மூச்சு புகைபோல வந்தது. கூண்டுக்குள் மட்டும் முப்பத்திரண்டு டிகிரி.

நாலு மணி வாக்கில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ரித்திகாவும் தர்ஷனும். ரித்திகா தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றாள். மாராப்புக்குள் ஒரு துணி மூட்டை.

"பால் குடிக்க மாட்டேங்குதுங்க்கா. காலையில இருந்து நெஞ்சோட சேத்துத்தான் வெச்சிருக்கேன். எனக்கே காய்ச்சல், நடுங்குது. அழக்கூட மாட்டேங்குது."

சாருமதி துணியை விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. தொடையில் சிவப்பாக ஒரு கன்றல்.

"இது என்ன?"

"சுடுதண்ணி பாட்டில் வெச்சோம். பட்டுடுச்சு. அடுப்பு பத்தவெச்சா வெறகு ஈரம், ஊடெல்லாம் புகை. இருமி இருமி மூச்சு நின்னு நின்னு வந்துது."

சாருமதி தர்ஷனைப் பார்த்தாள். துணி சுற்றிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அவன் தரையைப் பார்த்தான்.

அவள் அவர்களைக் கூண்டு இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். பாம்பைக் கையாளும் கொக்கியால் அதைத் தூக்கித் தள்ளினாள். வயிறு நிறைந்த பாம்பு. அசையப் பிடிக்காமல் சீறியது. ஒருமுறை அவள் கைக்கு மிக அருகில் வாயைத் திறந்தது. வலது பக்கம் ஒதுக்கிவிட்டு நடுப்பலகையை இறக்கித் தாழ் போட்டாள். இடது பாதியில் கிடந்த மரப்பட்டையை அள்ளி வெளியே கொட்டினாள். ஸ்பிரிட் ஊற்றி இரண்டு தடவை துடைத்தாள். ஒரு பிரம்புக் கூடையில் வெளுத்த துணியைப் பரப்பி, "குடு" என்று கை நீட்டினாள்.

ரித்திகா குழந்தையைத் தரவில்லை. கண்ணாடியின் அந்தப் பக்கம் பாம்பு பலகையை முட்டிக்கொண்டிருந்தது.

"அங்கயா?"

"இந்த மலையில வேற எங்கயும் சூடு இல்லை. குடு இல்லை கெளம்பு."

கொடுத்தாள்.

கூடையை உள்ளே வைத்துக் கண்ணாடியை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தும்போது கைத்தடிச் சத்தம் கேட்டது. நந்தகுமார் அறை வாசலில் நின்றார்.

"வெளிய எடு அதை."

"மாமா, பாப்பா செத்துரும்."

"அப்ப நான்? பாம்பு அந்தப் பக்கம் கெடந்தா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"ஒரு தடவை தவறினாலும் தாங்காதுன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"தெரிஞ்சுதான் செய்யறே."

"தெரிஞ்சுதான் செய்யறேன்."

அவர் பேட்டரியை நோக்கி நடந்தார். தர்ஷன் குறுக்கே வந்து நின்றான். வேலை போன நாளிலிருந்து அவன் மனதுக்குள் எத்தனை தடவை அப்படிக் கையை ஓங்கியிருப்பானோ, அந்த வேகத்தில் வெந்த கையை ஓங்கினான்.

"அவர் மேல கை பட்டுச்சு, இந்த நிமிஷமே பாப்பாவத் தூக்கிட்டுப் போயிரணும்" என்றாள் சாருமதி. "கம்பியில கொக்கி போட்டது நீ. இங்க நின்னு யாரையும் அடிக்கற யோக்கியதை உனக்குக் கெடையாது."

கை இறங்கியது. நந்தகுமார் சிறிது நேரம் மூச்சு வாங்கினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, கூண்டின் வலது பக்கத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு பாம்பையே பார்த்தார். இடது பக்கத்துக்கு எதிரில் ரித்திகா தரையில் உட்கார்ந்து கூடையைப் பார்த்தாள்.

இருட்டிய பிறகு நந்தகுமார் சாருமதியைப் பார்க்காமலே சொன்னார்.

"உனக்கு இது வசதியாப் போச்சு."

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் சொல்லப்போவது உண்மைதானா என்று அவளுக்கே தெரியவில்லை. நடுப்பலகையை இறக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. அது குழந்தைக்காகவா, டம்ளர் வீசினவருக்காகவா என்று எத்தனை யோசித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

விடியும் நேரத்தில் குழந்தை அழுதது. பூனைக்குட்டிபோல, மெல்லிய குரலில். ரித்திகா எடுத்து நெஞ்சில் வைத்ததும் வாய் தேடிப் பிடித்துக்கொண்டது. அதே நேரத்தில் வலது பக்கத்தில் பாம்பு நெளியத் தொடங்கியது. கழுத்து அலையலையாக இறுகித் தளர்ந்தது. பாதி கரைந்த முயல், முடியும் சளியுமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. கண்ணாடி இடுக்கு வழியே வந்த நாற்றத்தில் தர்ஷன் வாந்தி எடுக்க வெளியே ஓடினான். நந்தகுமார் நகரவில்லை. முயலைப் பார்த்தார். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் கரண்டு வந்தது. ரித்திகா குழந்தையைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

பாம்பு பிழைத்தது. ஆனால் வாய் நுரைத்து, இரை தொடாமல் கிடந்தது. நந்தகுமார் கேட்டுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு நாற்காலியை விட்டு எழுவதையும் நிறுத்தினார். கால் வீங்கியது. சாருமதி கொண்டுபோன கஞ்சியைத் தன் கையாலேயே குடித்தார், அவள் கை படாமல். மார்கழி பிறந்த சமயம் ஒரு காலையில் காபி கொண்டுபோனபோது அவர் சால்வையின் நுனியைச் சுருட்டிப் பிடித்தபடி இறந்திருந்தார்.

அவள் அழவில்லை. அவர் முகத்தைத் துடைத்து, வேட்டி மாற்றிவிட்டு, லைனுக்கு இறங்கிச் சொன்னாள்.

"மேனேஜர் போயிட்டாரு."

யாரும் வாசலைவிட்டு நகரவில்லை. "அப்படியா" என்று ஒருத்தி சொன்னாள். தர்ஷன் மரம் பிளப்பதைத் தொடர்ந்தான். கம்பத்தில் ஏறி ஏதோ முறுக்கிக்கொண்டிருந்த லைன்மேன்தான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினான்.

"பாம்பு வீட்டுக்காரரா? அடடா. அப்ப இந்த லைனையும் மாத்தி எழுதணுமே."

"எதை மாத்தி?" என்றான் தர்ஷன்.

"உசுரு காக்கற இணைப்பு இருக்கறதாலதாங்க இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எப்பவும் கரண்டு விட்டு வெச்சிருக்குது. அதுல இருந்துதான் உங்களுக்கு நாலு மணி நேரம் பிரிச்சு விட்டுட்டிருந்தோம். அது போச்சுன்னா நீங்களும் மத்த ஊரு மாதிரிதான். ரெண்டு நாளைக்கு ஒருக்கா, ஒரு மணி நேரம். கோடையில அதுவும் சொல்ல முடியாது."

கோடாரி விறகில் ஊன்றியபடி நின்றது. ரித்திகா குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

பொழுது சாயும் நேரம் லைன் மொத்தமும் ஒட்டுக்கா மேட்டுக்கு வந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். சாருமதி ஊதுபத்தி கொளுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். மனசு கேட்காமல் வந்துவிட்டார்கள் என்று ஒரு நொடி நினைத்தாள்.

தர்ஷன்தான் பேசினான்.

"யாருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க்கா?"

"இன்னும் யாருக்கும் சொல்லலை. டாக்டருக்குச் சொல்லணும். கீழ அவரு சொந்தத்துல ரெண்டு பேரு இருக்காங்க."

"சொல்லாதீங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "கொஞ்ச நாளைக்கு அவரு உசுரோட இருக்கட்டும்."

சாருமதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பு பற்றிக்கொண்டு எரிந்தது.

"உள்ள பொணம் கெடக்குது. கல்லு எறிஞ்சீங்க, எலியைக் கட்டுனீங்க, ஒரு உப்புக்கல்லு குடுக்கலை. அவரு சாகணும்னு வேண்டாத சாமி இல்லை. இப்ப சாகக்கூடாதுங்கறீங்களா?"

"நாங்க நல்லவங்கன்னு சொல்ல வரலைங்க்கா" என்றான் தர்ஷன். "லைன்மேன்கிட்டப் பேசிட்டோம். அவன் அக்கா ஊடும் இந்த லைன்லதான் இருக்குது, வாயத் தொறக்க மாட்டான். பாம்பு உசுரோட இருந்தாப் போதும். நீங்களும் யோசிங்க. அவரு போயிட்டாருன்னு எழுதுனா அந்தச் சொந்தக்காரங்க வந்து ஊட்டைப் பூட்டுவாங்க. நீங்க எங்க போவீங்க?"

"மெரட்டறியா?"

"ஆமாங்க்கா. மெரட்டத்தான் செய்யறேன். எனக்கு வேற வழி தெரியலை."

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ரித்திகா பின்னாலிருந்து விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். கெஞ்சவில்லை. குழந்தையைக் காட்டவுமில்லை.

"பாம்புக்கு முயல் நாங்க முறை போட்டுத் தர்றோம்" என்றாள். "பாக்கறது நீங்க பாருங்க."

உள்ளே கிடந்தவருக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் தன்னைத் தவிர ஆள் இல்லை என்பது சாருமதிக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைப் பிடிக்காதவள்தான். இருந்தும் சங்கு ஊதாமல், பந்தல் போடாமல், கொல்லையில் ஒரு நாயைப் புதைப்பதுபோல் அவரைப் புதைக்க அவள் மனம் ஒப்பவில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். லைனைப் பார்த்தாள். நேரம் முடிந்து கரண்டு போய்க்கொண்டிருந்தது, வீடு வீடாக.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள். "ஒவ்வொருத்தரும் உள்ள வந்து அவரு மூஞ்சியப் பாக்கணும். ஆம்பள, பொம்பள எல்லாரும். பாத்துட்டுத்தான் தூக்கணும். லைன்ல தோள் குடுக்காத ஆளு ஒருத்தர்கூட இருக்கக் கூடாது."

செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பெரும்பாலும் வருஷக்கணக்கில் அந்த வாசலை மிதிக்காதவர்கள். சிலர் கும்பிட்டார்கள். ஒரு கிழவன் மட்டும் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "ஃபேக்டரிக் கேட்டைப் பூட்டும்போது இவன் கை நடுங்குச்சு. நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வீட்டுக்குப் பின்னால், முயல் கூண்டுகளுக்கு அப்பால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குழி வெட்டினார்கள். தர்ஷன் ஆறாத கையோடு வெட்டினான். மண் தள்ளினபோது யாரும் அழவில்லை. மேலே செடிகளைத் திரும்ப நட்டுவைத்தார்கள்.

அதற்குப் பிறகு மேட்டுக்குக் கல் வரவில்லை. கடையில் சாமான் கிடைத்தது. முறைப்படி முயல் வந்தது. கொண்டுவருபவர்கள் கேட்டில் வைத்துவிட்டுப் போனார்கள், உள்ளே வரவில்லை. பாம்பு தேறி மறுபடி இரை எடுத்தது. சாருமதி அதன் வாலில் ஊசி இறக்கவில்லை. சந்தேகம் வராதிருக்க, ரத்தத் தெளிவோடு சேர்த்து நந்தகுமாருக்கு ஏற்றப் பெர்னார்ட் அனுப்பும் மருந்துக் குப்பிகளைக் காலி செய்து கழுவிவைத்தாள்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் பெர்னார்ட் பாம்பைப் பார்க்க வந்தார். வேனுக்குப் பாதை முழுக்கத் திறந்து கிடந்தது. அவருக்கே ஆச்சரியம். கூண்டைத் திறந்து பாம்பின் வாயைப் பார்த்தார், எடை பார்த்தார், இரண்டு பக்கத்துச் சூட்டையும் அளந்தார்.

"நல்லாப் பார்த்துக்கறீங்கம்மா. சார் எங்க? தூங்கறாரா?"

சாருமதிக்கு நாக்கு எழவில்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைதான்.

வாசலில் ரித்திகா நின்றிருந்தாள். தோளில் குழந்தை, கையில் முயல் கூடை.

"இப்பத்தானுங்க சார் வெயில்ல உக்காந்திருந்துட்டு உள்ள போனாரு" என்றாள். "நேத்துகூட கேட்டுல நின்னு எங்களத் திட்டிட்டுத்தான் போனாரு."

பெர்னார்ட் சிரித்தார். "திட்டறாருன்னா இதயம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். எழுப்ப வேண்டாம். சித்திரையில ஒரு தடவை கீழ கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் எடுக்கணும்."

"வர்றோம்" என்றாள் சாருமதி.

வேன் இறங்கி மறையும்வரை இரண்டு பெண்களும் அசையவில்லை. பிறகு ரித்திகா கூடையைத் தரையில் வைத்தாள். உள்ளே முயல் காலை உதைத்துக்கொண்டது. துணிக்குள்ளிருந்து குழந்தையின் கை கூண்டுப் பக்கம் நீண்டது. அவள் அந்தக் கையைப் பிடித்து மடக்கித் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"சித்திரைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள், சாருமதியின் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியலை."

"யோசிச்சு வெய்யுங்க. எங்களையே எல்லாத்தையும் சொல்ல விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரித்திகா மேட்டைவிட்டு இறங்கினாள்.